ஆலயம் அவளுடைய சரீரம் மட்டும்தானா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவன். சென்னையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம் என்று சபைக்குள்ளேயே வளர்ந்தவன். எந்தப் பெண்ணையும் தொட்டதில்லை. நண்பர்களைப் போல ஃபோனில் வீடியோக்கள் பார்ப்பதுண்டு, அவ்வளவுதான். எனக்கு நிச்சயம் முடிந்து, அடுத்த மாதம் சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க இருக்கிறார்கள். இந்த நிலையில் அவள் என்னிடம், கல்லூரியில் படிக்கும்போது ஒருவனை நம்பி அவனோடு உடலுறவு வைத்திருந்ததாகவும், அவன் கைவிட்டுப் போன பிறகு ஒரு வாலிபர் முகாமில் கர்த்தரிடம் எல்லாவற்றையும் அறிக்கையிட்டு மனந்திரும்பியதாகவும் அழுதுகொண்டே சொன்னாள். 'மன்னித்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. ஒரு வாரமாக அவளுடைய செய்திகளுக்கு நான் பதில் அனுப்பவில்லை. நம்முடைய சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறது வேதம். அப்படியானால் அந்த ஆலயம் ஏற்கெனவே தீட்டுப்பட்டதுதானே? உபாகமம் 22ஆம் அதிகாரத்தையும் வாசித்தேன். கல்யாணத்துக்கு முன்பு டாக்டரிடம் காட்டி 'செக்' பண்ணிவிடு என்று ஒரு நண்பன் சொல்கிறான். அம்மாவிடம் சொல்லலாமா? இந்தத் திருமணத்தை நான் செய்துகொள்ள வேண்டுமா?

— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உங்கள் வேதனை நியாயமானது. இதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்றோ, இந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம் என்றோ நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. திருமணத்துக்கு வெளியே நடக்கும் உடலுறவு பாவம் என்று வேதம் தெளிவாகவே சொல்கிறது. அதை மெல்லச் சொல்லி மழுப்புவதால் யாருக்கும் நன்மை வந்ததில்லை. அந்தச் சகோதரியே அதைப் பாவம் என்று அறிந்துதான் கர்த்தரிடத்தில் அழுதிருக்கிறார், உங்களிடத்திலும் அழுதிருக்கிறார். ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய வசனத்தை, அது எழுதப்பட்ட இடத்தில் வைத்து முழுவதும் வாசிக்காமல், அந்தப் பெண்ணை நிறுப்பதற்கான எடைக்கல்லாக எடுத்துவிட்டீர்கள். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"உங்கள் சரீரமானது நீங்கள் தேவனாலே பெற்றும் உங்களில் தங்கியும் இருக்கிற பரிசுத்த ஆவியினுடைய ஆலயமாயிருக்கிறதென்றும், நீங்கள் உங்களுடையவர்களல்லவென்றும் அறியீர்களா?" என்று அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 6). கி.மு. 146இல் ரோமர்கள் இடித்துத் தரைமட்டமாக்கி, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றிய நகரம் அது. இரண்டு பக்கமும் துறைமுகங்கள் இருந்ததால் மாலுமிகளும் வியாபாரிகளும் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். புதிதாகக் குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். அந்த ஊரில் பவுல் ஒன்றரை வருடம் தங்கிச் சுவிசேஷம் சொன்னதாக அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் புறப்பட்டுப் போன பின்பு, அவரிடம் ஞானஸ்நானத்தைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் கற்றுக்கொண்ட அதே சபையைச் சேர்ந்த சிலர் வேசிகளிடம் போனார்கள். போனதோடு நில்லாமல், "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" என்றும், வயிற்றுக்கு உணவைப் போலத்தான் உடம்புக்கு இதுவும் என்றும் நியாயம் பேசினார்கள். ஆலயத்தைப் பற்றிய வசனம் அவர்களுக்கு எழுதப்பட்ட பதில். அதாவது, அந்த வார்த்தைகளை முதன்முதலில் தங்களுக்கென்று கேட்டவர்கள் ஆண்கள். கன்னிப்பெண்ணை மணமகனுக்கு முன்பாக நிறுத்திச் சோதிப்பதற்கு அது எழுதப்படவில்லை. உன் உடம்பை நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று ஆணைப் பார்த்துக் கேட்பதற்கு எழுதப்பட்டது.

இன்னும் கவனியுங்கள். அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்னால், வேசிமார்க்கத்தார் தொடங்கி ஒரு நீண்ட பட்டியலைச் சொல்லிவிட்டு, பவுல் தொடர்ந்து எழுதுகிறார்: "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தினாலும், நமது தேவனுடைய ஆவியினாலும் கழுவப்பட்டீர்கள், பரிசுத்தமாக்கப்பட்டீர்கள், நீதிமான்களாக்கப்பட்டீர்கள்." இப்படிக் கழுவப்பட்டவர்களையும், கழுவப்பட்ட பின்பும் தடுமாறி நின்றவர்களையும் பார்த்துத்தான் அவர் உங்கள் சரீரம் ஆவியானவருடைய ஆலயம் என்கிறார். ஒருமுறை தீட்டுப்பட்டதால் தேவன் குடியிருக்க மாட்டாத சரீரம் என்று ஒன்று இருந்திருந்தால், அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொள்ள கொரிந்துவில் சபையே இருந்திருக்காது. சரீரத்தின் பரிசுத்தம் பிறக்கும்போது கொடுக்கப்பட்டு, ஒரு தவறில் செலவாகித் தீர்ந்துபோகும் கையிருப்பு அல்ல. "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே" என்று பவுல் முடிப்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கினவர் தம்முடைய சொத்தில் தங்குகிறார்; அதனால் அது பரிசுத்தம். அந்தச் சகோதரியின் உடம்பு கர்த்தருக்குச் சொந்தமானது. உங்களுடையதும் அப்படியே. அது உங்களுக்குச் சேரவேண்டிய பொருளாக இருந்து, வழியில் யாரோ கைவைத்துவிட்டதைப் போன்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் சில வரிகளுக்கு இடையில் தெரிகிறது. அந்த எண்ணத்தை நீங்கள் முதலில் ஜெபத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தை வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதி, மனைவியை வெறுத்து அவள்மேல் அவதூறு சொல்லும் கணவனிடமிருந்துதான் தொடங்குகிறது. அவன் சொன்னது பொய்யானால் ஊர் மூப்பர்கள் அவனைத் தண்டித்து, நூறு வெள்ளிக்காசு அபராதம் வாங்கிப் பெண்ணின் தகப்பனிடம் கொடுக்க வேண்டும். அவன் உயிரோடிருக்கும் நாளெல்லாம் அவளைத் தள்ளிவிடவும் கூடாது. அவன் சொன்னது மெய்யானால் அந்தப் பெண்ணைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிற, அதற்கடுத்த வசனங்களின் தண்டனை கடுமையானது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே பிரமாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைத் தேவாலயத்தில் இயேசுவுக்கு முன்பாக இழுத்துவந்து நிறுத்தினார்களே, யோவான் 8ஆம் அதிகாரத்தில், அங்கே என்ன நடந்தது? விபசாரத்தில் பிடிபட்ட ஆணும் பெண்ணும் இருவருமே குற்றவாளிகள் என்கிறது மோசேயின் பிரமாணம். அவர்கள் கொண்டுவந்ததோ பெண்ணை மட்டும். கல்லெறிய வந்தவர்கள் பெரியோர் முதல் சிறியோர்வரைக்கும் ஒவ்வொருவராய்ப் போய்விட்ட பிறகு, பாவமே அறியாத ஒருவர், கல்லெறியத் தகுதியுள்ள ஒரே ஒருவர், "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்றார். மன்னிப்பும் கட்டளையும் சேர்ந்தே வந்தன. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் பாவத்தை இலேசாக்குகிறார்கள்; இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் கல்லைக் கீழே போட மறுக்கிறார்கள். உங்களுக்கு நிச்சயிக்கப்பட்டவர், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இரண்டையும் பெற்றுக்கொண்டவர்: அறிக்கையிட்டார், விட்டுவிட்டார். "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்ற நீதிமொழிக்கு இதைவிடச் சரியான கீழ்ப்படிதல் எது?

நண்பர் சொன்ன 'செக்' விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். அதைச் செய்யக்கூடாது, கேட்கவும் கூடாது. ஒரு பெண் உடலுறவு கொண்டிருக்கிறாரா இல்லையா என்று உறுப்பைப் பார்த்துச் சொல்லக்கூடிய பரிசோதனை மருத்துவத்தில் கிடையாது. கன்னிச்சவ்வு எனப்படுவது பெண்ணுக்குப் பெண் வேறுபடும். முதல் உறவில் பலருக்கு இரத்தம் வருவதே இல்லை. 'கன்னித்தன்மைப் பரிசோதனை' எனப்படுவதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை, அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகமும் பெண்கள் அமைப்பும் 2018இல் சேர்ந்து அறிவித்தன. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடத்திலேகூட, பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை நடத்துகிறவர்கள் தவறிழைத்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று நம்முடைய உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதோடு, தானாக முன்வந்து உண்மையைச் சொன்ன ஒருவரிடம் இனி கண்டுபிடிப்பதற்கு என்ன இருக்கிறது? அவரை அவமானப்படுத்துவதைத் தவிர அதில் வேறு பயன் இல்லை.

இப்போது, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். "ஃபோனில் வீடியோக்கள் பார்ப்பதுண்டு, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, 'அவ்வளவுதான்' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிற எவனும் தன் இருதயத்தில் அவளோடே விபசாரஞ்செய்தாயிற்று என்று சொன்னவர் நம்முடைய கர்த்தர். என் கண்களோடே உடன்படிக்கை பண்ணினேன் என்று யோபு சொன்னான். இவை உங்களுக்குத் தெரியாத வசனங்கள் அல்ல. வாலிபர் கூட்டங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, அந்தச் சகோதரியின் பாவத்துக்கு ஒரு பத்தியும் உங்களுடையதற்கு அரை வரியும் ஒதுக்கினீர்கள். அவருடையது முடிந்துபோனது, அறிக்கையிடப்பட்டது. உங்களுடையது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது, அறிக்கையிடப்படவும் இல்லை. நீங்கள் எந்தப் பெண்ணையும் தொட்டதில்லை என்பது நல்ல விஷயம். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் அந்தக் காட்சிகளில் வருகிற பெண்களும் யாரோ பெற்ற பிள்ளைகள், அவர்களில் சிலர் மிரட்டப்பட்டும் ஏமாற்றப்பட்டும் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள். கைபடாமல் கண்ணால் மட்டும் அவர்களை அனுபவிப்பதை நாம் பரிசுத்தம் என்று அழைக்க முடியாது.

இதைச் சொல்வது உங்களைச் சமன்படுத்தி வாயடைப்பதற்காக அல்ல. அந்தப் பழக்கம் திருமணத்துக்குள் என்ன செய்கிறது என்பதை நான் ஆலோசனை அறையில் அடிக்கடி பார்க்கிறேன். திருமணமானால் தானாக நின்றுவிடும் என்று நினைத்து வருகிறவர்களே அதிகம், நிற்பதில்லை. மனைவியின் சாதாரணமான, களைத்துப்போன, வெட்கப்படுகிற உண்மையான உடம்புக்கு முன்னால் மனம் திரையில் கண்டதைத் தேடுகிறது. அந்த ஏமாற்றத்தை மனைவியின் குறையாகவே கணவன் எண்ணிக்கொள்கிறான். உங்கள் விஷயத்தில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். அந்தச் சகோதரி சொன்னதைக் கேட்ட பிறகு உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம், பழைய சம்பவத்தை உங்கள் மனம் காட்சியாக ஓட்டிப் பார்ப்பதாகத்தான் இருக்கும். அந்தக் காட்சிகளை வரைவதற்கான வண்ணங்களை நீங்கள் பார்த்த வீடியோக்கள்தாம் கொடுத்திருக்கின்றன. அவர் வாழ்க்கையில் உண்மையில் நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. பயந்த ஒரு பெண், பொய் சொன்ன ஒருவன், பிறகு நெடுநாள் அழுகை என்பது மட்டுமாக அது இருந்திருக்கலாம்.

மன்னிப்பைப் பற்றி. 'மன்னித்துவிட்டேன்' என்று உடனே சொல்லிவிட்டீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் எதை மன்னித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய பழைய பாவம் உங்களை அறிவதற்கு முன் நடந்தது. அதற்கு நியாயாதிபதி தேவன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்று தாவீது 51ஆம் சங்கீதத்தில் அழுத இடம் அது, அங்கே தேவன் ஏற்கெனவே மன்னித்துவிட்டார். நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்கிறார் யோவான். தேவன் தீர்த்து மூடிவிட்ட வழக்கை மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்ள உங்களுக்கும் அதிகாரமில்லை, எனக்கும் இல்லை. உங்களுக்கு நேர்ந்த காயம் வேறு. நிச்சயத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அவர் நிச்சயத்துக்குப் பின்பு சொன்னார். உறவினர் கூடி, தட்டு மாற்றி, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு நீங்கள் அதைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதம் உங்களை நெருக்கடியில் நிறுத்தியது உண்மை. மன்னிக்க வேண்டியது அதைத்தான். அவர் சொல்லாமலே இருந்திருக்க முடியும் என்பதையும், நம்முடைய சமூகத்தில் இப்படிச் சொல்லும் ஒரு பெண் எவற்றையெல்லாம் இழக்கத் துணிகிறார் என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்தத் தாமதத்தை மன்னிப்பது கொஞ்சம் எளிதாகும்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் கடன்காரன் உவமையை எல்லோரும் ராஜா அவனுக்கு மன்னித்த பத்தாயிரம் தாலந்தை வைத்தே பிரசங்கிக்கிறார்கள். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ ஆறாயிரம் நாள் கூலி. ஆகவே அவனுக்கு மன்னிக்கப்பட்டது ஆறு கோடி நாட்களின் கூலி, ஒருவனும் கட்டித் தீர்க்க முடியாத தொகை. ஆனால் உடன்வேலைக்காரன் அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த, அவன் தொண்டையைப் பிடித்துக் கேட்ட நூறு வெள்ளிப்பணத்தையும் பாருங்கள். அது நூறு நாள் கூலி. ஒரு கூலிக்காரனுக்கு அது சின்னக் கடன் இல்லை. கர்த்தர் அதை ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை. உங்கள் காயமும் அப்படியே. அது நூறு நாள் கூலிக்குச் சமமான, வலிக்கிற காயம்தான். ஆனால் உங்களுக்கு மன்னிக்கப்பட்டதை மறந்துவிட்டு அதற்காக ஒருவருடைய தொண்டையைப் பிடிக்கக்கூடாது என்பதே உவமை.

தொண்டையைப் பிடிப்பது எப்படியிருக்கும் என்று நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். இதே நிலையில் திருமணம் செய்துகொண்ட ஒரு கணவரும் மனைவியும் பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் வந்தார்கள். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் எல்லாவற்றையும் மன்னித்துத்தான் ஐயா இவளைக் கட்டிக்கொண்டேன்" என்றார். மனைவி தலையைக் குனிந்தபடி, சேலை முந்தானையின் ஓர நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொல்லுங்களம்மா என்று கேட்டபோது, "அதைத்தான் ஐயா தினமும் சொல்லுகிறார்" என்றார். குழம்பில் உப்பு அதிகமானாலும், தாய்வீட்டுக்குப் போய்வர இரண்டு நாள் தாமதமானாலும், ஃபோன் மணி அடித்தாலும் அந்த வாக்கியம் வந்துவிடுமாம். அந்தக் கணவர் கெட்டவர் அல்ல. சபையில் காணிக்கைப் பை எடுப்பவர், குடிப்பழக்கம் இல்லாதவர். மன்னிப்பை ஒருமுறை கொடுத்துவிட்டு, பிறகு அதற்கு வாழ்நாள் முழுவதும் வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

எனவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: இந்தத் திருமணத்தைச் செய்துகொண்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வேதத்தில் இல்லை. மன்னிப்பது கட்டளை, மணப்பது கட்டளை அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தியாகம் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு தாலி கட்டுகிறவன் அந்தத் தியாகத்தை ஒருநாள் நினைவுபடுத்தாமல் இருக்க மாட்டான். இந்தச் சகோதரியைக் கிறிஸ்துவால் கழுவப்பட்டவராக, உங்களுக்குச் சமமானவராக, உங்கள் பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கத் தகுந்தவராகக் கண்டு, மகிழ்ச்சியோடு கைப்பிடிக்க முடியுமானால் கைப்பிடியுங்கள். கோபம் வரும் நாளிலும் இதை ஆயுதமாக எடுக்க மாட்டேன் என்று கர்த்தருக்கு முன்பாக வாக்குக் கொடுக்க முடியாவிட்டால், ஓலை வாசிக்கப்படுவதற்கு முன்பாகவே விலகிவிடுங்கள். அது அவருக்கும் நீங்கள் செய்யும் நன்மையாக இருக்கும். அப்படி விலகினாலும் யோசேப்பைப் போல விலகுங்கள். மரியாளிடத்தில் பாவம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் தேவதூதன் சொல்லும்வரை யோசேப்புக்கு அது தெரியாது. தனக்கு நியமிக்கப்பட்டவள் தவறிவிட்டாள் என்று அவன் நினைத்திருந்த அந்த நேரத்தில்தான், அவளை அவமானப்படுத்த மனமில்லாமல் இரகசியமாய் விலகிக்கொள்ள யோசித்தான். அந்த யோசனையை வைத்தே மத்தேயு அவனை நீதிமான் என்கிறார்.

அம்மாவிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. சொல்லக்கூடாது. அம்மாவிடம் மட்டும் சொன்னது அத்தைக்கும் சித்திக்கும் போய், ஊர்ப் பாலர் பள்ளி ஆசிரியை வரைக்கும் போகும் என்பது உங்களுக்கே தெரியும். இது உங்கள் இரகசியம் அல்ல; அவருடையது. உங்களை நம்பி உங்கள் கையில் வைத்திருக்கிறார். திருமணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உங்களோடு இருக்க வேண்டும். ஆலோசனைக்கு ஒருவர் தேவை என்றால், உங்கள் சபை ஆயரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ, அவருடைய சம்மதத்தோடு பேசுங்கள். அந்த நண்பரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. இனி இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டதை அந்தச் சகோதரியிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேளுங்கள்.

இன்றைக்கே அவருக்குப் பதில் அனுப்புங்கள். முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. "நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. எனக்கு வலிக்கிறது, யோசிக்கக் கொஞ்ச நாள் வேண்டும். இதை யாரிடமும் சொல்லி உங்களை அவமானப்படுத்த மாட்டேன்" என்பது போதும். ஒரு வாரமாகப் பதில் இல்லாமல் அவர் எந்த நிலையில் இருக்கிறாரோ! பிறகு சந்திக்கும்போது, எங்கே, எத்தனை முறை, எப்படி என்று விவரம் கேட்காதீர்கள். கேட்டால் அவர் சொல்லக்கூடும்; கேட்ட ஒவ்வொரு விவரமும் உங்கள் மனதில் தங்கிவிடும், பின்பு எந்த ஜெபத்திலும் எளிதில் போகாது. கேட்க வேண்டியவை வேறு: அந்த மனிதனோடு இப்போது தொடர்பு ஏதும் உண்டா, அவன் படமோ செய்தியோ வைத்துக்கொண்டு மிரட்டுகிறானா, அவருக்கு உங்களிடமிருந்து என்ன உதவி தேவை. மிரட்டல் இருந்தால் அதைச் சட்டப்படி எதிர்கொள்ள அவருக்குத் துணையாக நில்லுங்கள். திருமணத்தை முடிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த உதவியைச் செய்யுங்கள்.

உங்கள் பழக்கத்தை நீங்களும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் சொன்னதற்குப் பதிலடியாக அல்ல. அவருக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது என்பதற்காக. அதற்கு முன்பே, நம்பத்தகுந்த மூத்த சகோதரர் ஒருவரிடம் போய் அதை வாய்திறந்து அறிக்கையிடுங்கள். சொஸ்தமடையும்படிக்குக் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியது இதற்காகத்தான். இரவு ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். சென்னையில் அறை எடுத்துத் தனியாக இருந்தால், இன்னொரு விசுவாசியோடு சேர்ந்து தங்கப் பாருங்கள். இரண்டு வாரம் வெற்றி, மூன்றாவது வாரம் தோல்வி என்று வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். பழங்காலச் சபைத் தலைவரான பரிசுத்த அகுஸ்தீனுவின் வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல வருடம் திருமணமில்லாமல் ஒரு பெண்ணோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றவர், கி.பி. 386இல் இத்தாலியின் மிலானில் மனந்திரும்பி, அடுத்த வருட உயிர்த்தெழுதல் பண்டிகையில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் பேராயராகிவிட்ட காலத்திலும், பழைய பழக்கத்தின் காட்சிகள் தூக்கத்தில் வந்து தம்மை வருத்துகின்றன என்று அவரே தேவனிடம் முறையிட்டு எழுதியிருக்கிறார். கழுவப்பட்டவருக்கும் நினைவு உடனே அழிந்துவிடுவதில்லை. அந்தச் சகோதரிக்கும் இது பொருந்தும். திருமணத்துக்குப் பின் ஏதோ ஒரு நாள் அவர் காரணமில்லாமல் அழக்கூடும், நெருங்கும்போது நடுங்கக்கூடும். அதை அவர் பழையவனை நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொறுமையாக இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள்.

திருமணம் என்று முடிவானால், இருவருமே எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் இரகசியமாக வைக்கப்படும். அவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடவே போங்கள். இது சந்தேகத்துக்காக அல்ல; திருமணமாகப்போகும் எல்லோருக்கும் நான் சொல்வதுதான். "மனைவியானவள் தன் சொந்த சரீரத்துக்கு அதிகாரியல்ல" என்ற வசனத்தை ஆண்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். "அப்படிப்போல புருஷனும் தன் சொந்த சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி" என்று அதே வசனம் தொடர்வதையும் இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.

ஓலை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருப்பீர்கள், பத்திரிகை அடிக்கக் கொடுத்திருப்பீர்கள். தேதியைத் தள்ளினால் நஷ்டமும் வரும், வீட்டில் கேள்வியும் வரும். இருந்தாலும் இப்போது இருக்கிற மனநிலையில் மூன்று ஞாயிறுகளில் உங்கள் பெயர்கள் சபையில் வாசிக்கப்படுவதைவிட அது மேல். ஆயரைத் தனியாகச் சந்தித்து, முதல் ஓலையை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேளுங்கள். திருமணத்துக்கு முந்திய ஆலோசனை வகுப்பு உங்கள் திருமண்டலத்தில் இருந்தால், அதில் இருவரும் இந்த ஒரு மாதத்தில் கலந்துகொள்ளுங்கள். வீட்டில் காரணம் கேட்டால், "நாங்கள் இருவரும் ஆயரிடம் ஆலோசனை பெற்றுக்கொண்டிருக்கிறோம், அது முடியட்டும்" என்று சொல்லுங்கள். அது உண்மையான பதில். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.